திரும்பி வராத வெள்ளை அங்கி

பங்குத் திருவிழாவின் நிகழ்ச்சி நிரலில் கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, அன்னதானம் ஆகியவற்றோடு ‘இலவசப் பொது மருத்துவ முகாம்’ என்பதும் நம் ஊர்களில் நிலையான இடம் பிடித்துவிட்டது. பள்ளி வளாகத்தில் பந்தல் எழுகிறது. பந்தலினும் பெரிய விளம்பரத் தட்டியில் கொடையாளர்களின் படங்கள் சிரிக்கின்றன. காலை ஒன்பது மணியளவில் மருத்துவக் கல்லூரிப் பேருந்து வந்து நிற்க, வெள்ளை அங்கி அணிந்த மாணவ மாணவியர் இறங்குகின்றனர். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். ஐந்து நாளைக்கு மாத்திரையும் ஒரு பொட்டலம் சத்து மாத்திரையும் தருகிறார்கள். நண்பகலில் பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம், விருந்து. பேருந்து புறப்பட்டுவிடுகிறது. ‘180/110’ என்று எழுதிய சீட்டைச் செபமாலைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீடு திரும்பிய மூதாட்டியை மறுநாள் தேடி வருவார் எவருமிலர். அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அவர் உயிரோடிருந்தால், வேறொரு கல்லூரியின் வேறொரு மாணவர் அதே கையில் அதே பட்டையைச் சுற்றுவார்.

இதற்குச் சேவை என்று பெயரிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. மருத்துவம் பயிலும் இளைஞர்கள் வகுப்பறைக்கு வெளியே, மக்களிடையே பணி செய்ய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் செய்ய வேண்டியது எது, செய்வதாகக் காட்டப்படுவது எது என்பதில்தான் நம் வழக்கு. போன வீட்டுக்கே மீண்டும் போவது, பார்த்தவரையே மீண்டும் பார்ப்பது என்ற ஒன்றை விட்டுவிட்டால், ஒரு மாணவர் செய்யும் ஊர்ப்பணியில் நோயாளிக்கும் பயனில்லை, மாணவருக்கும் கல்வியில்லை என்பது நம் கூற்று.

‘ஒன்றுமில்லாததற்கு ஒரு நாள் முகாமாவது மேலன்றோ?’ என்று கேட்பவர் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இக்கேள்விக்கு விடை எண்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் தொற்றாநோய்கள் பற்றி நடத்தப்பெற்ற மாநில அளவிலான ஆய்வில், வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. நீரிழிவு 17.6 விழுக்காட்டினருக்கு, அவர்களுள் கட்டுக்குள் வைத்திருந்தவர் 10.8 விழுக்காட்டினர். அதாவது, இரத்த அழுத்தமுள்ள நூறு பேரை நிறுத்தினால், தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகச் செயலிழப்பையும் நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தொண்ணூறு பேருக்கும் என்ன தேவை? நோய் இருப்பதையே அறியாதவர் அவர்களுள் பலர். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு முகாம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்த மறுநாள் தொடங்கும் வேலை முப்பது ஆண்டு வேலை. அழுத்தம் ஒரு முறை பார்த்து முடிவு செய்யக்கூடியதே அன்று. வேறு நாள்களிலும் அளந்து பார்த்தபின்தான் பெரும்பாலும் உறுதி செய்ய வேண்டும். பிறகு மாத்திரை, அதன் அளவில் மாற்றம், உப்பில் குறைப்பு, மாத்திரையை நிறுத்திவிட்டவரை மீண்டும் இணங்க வைத்தல் என்று அது நீள்கிறது. பந்தலைப் பிரிப்பதற்குள் முடிந்துவிடும் எந்த ஏற்பாட்டுக்கும் இதில் இடமில்லை. இன்னும் சொல்வோம்: ஐந்து நாளைக்கு இலவசமாக மாத்திரை கொடுத்து அனுப்புவது, ஐந்து நாளில் இந்நோய் தீரும் என்ற பொய்யை மருத்துவர் வாயாலேயே சொல்லாமல் சொல்லி அனுப்புவதாகும்.

முகாம் என்ற வடிவமே தீது என்று நாம் கூறவில்லை. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களை எண்ணிப் பாருங்கள். கண்புரை உள்ளவர் என்று தெரிந்தால் அவரைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அறுவை செய்து, உணவும் இடமும் கொடுத்து, ஊரில் கொண்டுவந்து விட்டு, பின்னர் மறுபரிசோதனையும் செய்கிறார்கள். அங்கே முகாம் என்பது வாயில். அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. நம் திருவிழா முகாம்களோ வீடில்லா வாயில்கள். அலங்கார வளைவைப் போல் நுழைந்த பக்கமே வெளியேறிவிடலாம்.

கல்லூரிகளின் பக்கமும் சற்றே நோக்குவோம். எல்லாக் கல்லூரிகளையும் ஒரே தராசில் நிறுக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் முகாமில் கண்டவரைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, ஆய்வுக்குழு வரும் நாளில் காலிப் படுக்கைகளை நிரப்பும் தனியார் கல்லூரிகள் நாட்டில் உண்டு என்பது செய்தித்தாள் படிப்பவர் அறிந்ததே. மூன்று வேளை உணவும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் பெற்றுக்கொண்டு நோயாளியாகப் படுத்திருக்கும் ஏழையை மாணவர்கள் கண்ணெதிரே காண்கிறார்கள். மருத்துவ அறத்தைப் பற்றி அவர்களுக்குப் பிறகு எத்தனை விரிவுரை நிகழ்த்தினாலும், அன்று கற்ற பாடத்தை அழிக்க முடியுமா?

இச்சிக்கல் நேற்று முளைத்ததன்று. 1946-இல் போர் குழு தன் அறிக்கையில், மக்களின் வாழ்நிலையை அறிந்த ‘சமூக மருத்துவர்’ நாட்டுக்குத் தேவை என்று கூறி, நோய்த்தடுப்பும் சமூக மருத்துவமும் பயிற்சியில் சேர வேண்டுமென்றது. (ஜோசப் போர் என்ற இந்திய ஆட்சிப் பணியாளர் தலைமையில் அமைந்ததால் அப்பெயர், நம் இளைஞர் சிலர் இதனை யுத்தக் குழு என்று எண்ணிக்கொள்வதுண்டு.) 1975-இல் ஸ்ரீவஸ்தவா குழு, மருத்துவக் கல்வி மக்களிடமிருந்து விலகி நிற்கிறது என்று மீண்டும் எடுத்துரைத்தது. அதையொட்டி 1977-இல், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் நலப்பணியில் பொறுப்பேற்க வேண்டும் என்றொரு திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவ ஊர்திகளும் வந்தன. பேராசிரியர்கள் வரவில்லை. சிற்றூருக்குச் செல்வது சமூக மருத்துவத் துறையின் வேலை, மருத்துவமும் அறுவையும் கற்பிப்போர் நகரத்து வார்டுகளில் இருந்தால் போதும் என்ற எண்ணம் வென்றது. திட்டம் மெல்ல மெல்லச் செயலிழந்தது.

2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் ‘குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்’ என்ற ஒன்றைப் பாடத்திட்டத்தில் புகுத்தியது. முதலாண்டில் நுழையும் மாணவர் ஒவ்வொருவரும் மூன்று முதல் ஐந்து குடும்பங்களை ஏற்று, அவற்றின் நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். முதற்கட்டத்தில் 27 மணி நேரம், இரண்டாம் கட்டத்தில் 30, மூன்றாம் கட்டத்தில் 21, ஆக 78 மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. ஐந்து குடும்பங்கள் எனில் குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 மணி நேரம். அதுவும் படிப்புக்காலம் முழுதும் சேர்த்து. மிகுதியென்று சொல்வதற்கில்லை. எனினும் முக்கால் நூற்றாண்டாகக் குழுக்கள் கேட்டுவந்த ஒன்று, போன வீட்டுக்கே மீண்டும் போக வேண்டும் என்ற கட்டளை, முதன்முறையாக அனைத்துக் கல்லூரிகளுக்கும் விதியாகியிருக்கிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்பதனாலேயே, இதுவும் ஒரு பதிவேட்டுச் சடங்காகச் சாவதைக் கண்டு வாளாவிருக்க இயலாது. குடும்பத்தாரின் எடையும் அழுத்தமும் விடுதி அறையில் அமர்ந்து ஊகித்து எழுதப்படும் வழக்கம் தம் கல்லூரியில் இல்லவே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய முதல்வர்கள் எத்தனை பேர்?

‘தத்தெடுப்பு’ என்ற சொல்லே நமக்கு உறுத்துகிறது. பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர் ஒருவர், பேரன் பேத்தி கண்ட ஒரு குடும்பத்தைத் தத்தெடுப்பதாவது! உண்மையில் நடப்பது தலைகீழ். ‘உள்ளே வாங்க தம்பி, மொதல்ல ஒரு வாய் மோர் குடிங்க’ என்று சொல்லித் தம் நோயையும் கடனையும் கண்ணீரையும் ஒரு முன்பின் அறியாப் பிள்ளைக்குத் திறந்து காட்டும் அக்குடும்பம்தான் அவரைத் தத்தெடுக்கிறது. ஆகவே அக்குடும்பத்துக்கு உரிமைகளும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லும் உரிமை. எடுத்த அளவு எதைக் குறிக்கிறது என்று தமிழில் கேட்டறியும் உரிமை. மகளின் கருச்சிதைவும் மகனின் குடியும் கல்லூரி உணவகத்தில் கதையாகாது என்ற உறுதியைப் பெறும் உரிமை. இவற்றை எந்தக் கல்லூரியும் அச்சிட்டு வீட்டாரிடம் கொடுப்பதாகத் தெரியவில்லை. கொடுக்கும் கல்லூரி ஒன்று இருப்பின் அதன் முகவரியை அறிய ஆவலாயுள்ளோம்.

திரும்பத் திரும்பப் போகும் மாணவர் எதைக் கற்கிறார்? முதல் முறை போகும்போது வீட்டார் நல்ல பதில்களையே சொல்வர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? சாப்பிடுகிறோம். உப்பு? குறைத்துவிட்டோம். ஐந்தாம் முறை போகும்போதுதான் உண்மை மெல்ல வெளிவரும். காலை மாத்திரை தலைச்சுற்றல் தருகிறதென்று பாதியாக ஒடித்து விழுங்குகிறார் தாத்தா. கணவருக்குக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மனைவியும் பங்கிட்டுக்கொள்கிறார். இருவருக்கும் ஒரே நோய்தானே என்பது அவர் வாதம். கடற்கரை ஊரில் மீன் வரத்து இல்லாத மாதங்களில் கருவாடுதான் குழம்பு. ‘உப்பைக் குறையுங்கள்’ என்னும் அறிவுரை அங்கே எதைக் குறைக்கச் சொல்கிறது என்பதை நூலில் காண முடியாது. காசநோய்க்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் வீட்டின் மூலையில் மருமகளுக்கென ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்தான், அவர் ஏன் மூன்றாம் மாதமே மருந்தை நிறுத்தித் தாய்வீடு சென்றார் என்பதை அறிவார்.

நம் கத்தோலிக்க இல்லங்களுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தவக்காலம் வந்தால் நம் மூதாட்டியர் பலர் நாற்பது நாளும் ஒரு சந்தி இருக்கின்றனர். அவர்களுள் நீரிழிவுக்காரர் உண்டு. உணவை நிறுத்துவோர் மாத்திரையை நிறுத்துவதில்லை. வேறு சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டு உணவை நிறுத்துவதில்லை. முன்னவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கோவிலிலேயே மயக்கம் வருகிறது. ‘தவசு கடுமை’ என்று சுற்றியிருப்போர் வியக்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரியது, அறுபதாம் வயதைத் தொட்டவரை அது கட்டுப்படுத்தாது, நோயுற்றோர்க்கும் விலக்குண்டு. இதை எடுத்துச் சொல்லப் பங்குத்தந்தையால் முடியும். ஆனால் எந்த வீட்டில் யார் மாத்திரையோடு பட்டினி கிடக்கிறார் என்பது, மாசியிலும் பங்குனியிலும் அவ்வீட்டுப் படியேறிய மாணவருக்கே தெரியும். திருவிழா முகாம் ஒன்று இதைக் கண்டுபிடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 2021 ஆகஸ்டில் கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுத்துவருகின்றனரே, பிறகு மாணவர் எதற்கு? சரியான கேள்வி. மாத்திரை படிவரை வந்துவிட்டது. அது வாய்வரை போகிறதா என்று அமர்ந்து கேட்க நேரம் உள்ளவர் யார்? எண்ணற்ற வீடுகளை நாள்தோறும் ஏறி இறங்கும் அச்சகோதரிக்கு ஒரு வீட்டில் அரை மணி நேரம் அமர இயலாது. ஐந்தே வீடுகளை உடைய மாணவருக்கு இயலும். ஆகையால் அவர் தனி ஆவர்த்தனம் வாசிக்காமல், அத்தன்னார்வலரோடும் கிராமச் சுகாதாரச் செவிலியரோடும் சேர்ந்து செல்ல வேண்டும். அச்செவிலியரைத் தம் ஆசிரியராக மதிக்கவும் வேண்டும். வருங்கால மருத்துவர்க்கு இந்த இரண்டாவது பாடம் முதலாவதைவிடக் கடினம்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குவோர்க்கு வேலூரைச் சுட்டுவோம். அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்து ஆடவர் வந்து தம் மனைவியரின் பேறுகால இன்னலுக்குப் பெண் மருத்துவரைத் தேடியதையும், மூன்று பெண்களும் உதவியின்றி மாண்டதையும் கண்டு மருத்துவம் பயிலச் சென்ற வரலாறு பலரும் அறிந்ததே. அந்த இரவையே திரும்பத் திரும்பப் பேசும் நாம், அவர் பின்னர் செய்த வேலையைப் பேச மறந்துவிடுகிறோம். 1909 முதல் அவர் குடியாத்தம் சாலையில், வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் ஊர்தியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். சென்ற வாரம் கட்டிய புண் இந்த வாரம் அவிழ்த்துப் பார்க்கப்பட்டது. வருவார் என்ற நம்பிக்கையில் மக்கள் மரத்தடியில் காத்திருந்தனர், அவரும் வந்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபின் மாணவியரும் அச்சாலையிலேயே பாடம் கற்றனர். அக்கல்லூரியின் மாணவர்கள் இன்றும் தொடக்கத்திலேயே சிற்றூரில் சில வாரம் தங்கி வீடுவீடாகச் செல்கின்றனர். 1977-இல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் ஊரக நலத்துக்கென்றே தனித்துறை எழுந்தது.

அங்கே பயின்ற ராஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே இணையர் 1970-இல் மராட்டிய மாநிலத்தின் வறட்சிப் பகுதியான ஜாம்கேட்டுக்குச் சென்றனர். எழுதப் படிக்கத் தெரியாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் பலரையும் சேர்த்து ஊர் நலப்பணியாளர்களாகப் பயிற்றுவித்து, பேறுகாலக் கவனிப்பையும் குழந்தை நலத்தையும் அவர்கள் கையிலேயே ஒப்படைத்தனர். 1979-இல் மகசேசே விருது தேடி வந்தது. விருதைவிட நம்மைக் கவர்வது வேறொன்று: மேபெல் 1999-இலும் ராஜ் 2011-இலும் மறையும்வரை அவர்களுடைய பணியின் பெயர் ஜாம்கேட்டாகவே இருந்தது.

இவர்கள் சீர்திருத்தச் சபையினராயிற்றே, நமக்கென்ன என்று கேட்கும் குறுகிய மனம் நம் வாசகர்க்கு இராது. இருப்பின், ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பட்டம் பெற்று 1920-இல் குண்டூருக்கு வந்து, இயேசு மரி யோசேப்பு சபையில் துறவியாகி, 1957-இல் இறக்கும்வரை இந்நாட்டிலேயே இருந்த மருத்துவர் மேரி குளோரியை நினைவூட்டுவோம். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்துக்கு வித்திட்டவர் அவரே. இந்திய ஆயர்கள் 1963-இல் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும், பட்டம் பெறுவோரிடம் ஊரகப் பணிக்கு ஒப்பந்தம் பெறும் வழக்கத்தைக் கொண்டது. பொதுவாக நாட்டின் பல மாநிலங்களில் இத்தகைய ஒப்பந்தங்களைப் பணம் செலுத்தி முறித்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. அதைத் தேடிப் போவோர் பெரும்பாலும் பெற்றோரே.

ஆம், இனிப் பெற்றோரிடம் பேசுவோம். நம்முள் பலர் மருத்துவ மாணவரின் பெற்றோர். பலர் அவ்வாறாக ஏங்குவோர். மகன் சிற்றூருக்குச் செல்கிறான் என்றால் ‘வெயிலில் அலைந்து நேரத்தை வீணாக்காதே, மேற்படிப்புத் தேர்வுக்குப் படி’ என்று தொலைபேசியில் சொல்வது யார்? பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டில் பன்னிரண்டு வாரம் சமூக மருத்துவத்துக்கு உரியது. அப்பன்னிரண்டு வாரத்தை முதுநிலை நீட் தேர்வுப் பயிற்சிக்குக் கிடைத்த விடுமுறையாகக் கருதும் மனநிலை விடுதிகளில் மட்டும் வளர்ந்ததா, வீடுகளிலும் நீரூற்றப்பட்டதா? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் வல்லவராகும் நம் பிள்ளை, விடையே இல்லாமல் அழும் ஒரு தாயின் எதிரே அமரத் தெரியாதவராக வெளிவந்தால், அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துகள் சேர்ந்தென்ன?

இதற்கு மாறான செல்வமும் நம் கல்லூரிகளுக்குள் வந்திருக்கிறது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்ததால், கூரை வீட்டிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும் பிள்ளைகள் வெள்ளை அங்கியோடு வருகிறார்கள். ரேஷன் கடை வரிசை எப்போது நகரும், நூறு நாள் வேலைக்குப் போனவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களைக் குழுத் தலைவராக்கி மற்றவரை அவர்கள்பின் அனுப்புவதே அறிவுடைமை. ஆங்கிலம் தடுமாறுகிறதென்று அவர்களைப் பின்வரிசையில் அமர்த்தி, தாம் வந்த தெருவை மறக்கக் கற்பிப்பது கல்வியா?

மாணவரின் நலனைப் பேசாமல் மாணவரின் தொண்டைப் பேசுவது நேர்மையன்று. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவரின் மனநலம் குறித்து அறிக்கை வெளியிட்டது. இணையவழி வினாக்களுக்கு விடையளித்த இளநிலை மாணவர் 25,590 பேரில் 27.8 விழுக்காட்டினர் மனநலச் சிக்கல் உள்ளதாகத் தாமே தெரிவித்திருந்தனர், 16.2 விழுக்காட்டினர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததைக் கூறியிருந்தனர். விரும்பி விடையளித்தோரின் கணக்கு இது. எல்லா மாணவர்க்கும் அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் எந்தப் பெற்றோரும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. ஊர்ப்பணி இந்நோய்க்கு மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. மனச்சோர்வுற்ற மாணவருக்கு வேண்டியது மனநல மருத்துவரும் ஓய்வும் ஏளனம் செய்யாத ஆசிரியரும்தான். சோர்ந்தவரிடம் ‘தியாகம் செய்’ என்று அறிவுரை கூறுவது கொடுமை. அதே பணிக்குழு, உறைவிட மருத்துவரின் பணி வாரம் 74 மணி நேரத்துக்கு மேற்போகலாகாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 74 மணி நேரம் என்பதே ஒரு சலுகையாகப் பேசப்படும் நிலையை எண்ணினால், அதற்கு முன் இருந்தது என்னவென்று விளங்கும். மக்களுக்குத் தொண்டு செய்யுமாறு இவர்களிடம் கேட்கும் பொதுநிலையினர், கத்தோலிக்க மருத்துவமனைகள் உட்பட எல்லா நிறுவனங்களிடமும் இந்த ஓய்வையும் சேர்த்துக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். ஞாயிறு ஓய்வைப் பற்றி மறையுரை கேட்கும் நமக்கு அது புதிய செய்தியன்று.

நல்ல சமாரியர் உவமையை முகாம் தொடக்க விழாக்களில் தவறாமல் சொல்கிறோம். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு அக்கதையை நிறுத்திவிடுவது வழக்கம். அவர் சாவடிக் காப்பாளரிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்ற பகுதியை மேடையில் நாம் கேட்டதில்லை. மேடைக்குப் பொருந்தாத பகுதிதான் அது.

எனவே பங்குப் பேரவைகள் முன் நாம் வைப்பது எளிய கோரிக்கை. திருவிழா முகாமை நிறுத்துங்கள். அதற்காகும் பந்தல், தட்டி, பொன்னாடை, விருந்துச் செலவைக் கணக்கிடுங்கள். ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு ஓர் இரத்த அழுத்தக் கருவி கிடைக்கிறது. அன்பியம் ஒன்றுக்கு ஒன்று வாங்கலாம். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையை அணுகி, ‘உங்கள் மாணவர் ஏற்கவேண்டிய குடும்பங்களை எங்கள் ஊரில் ஏற்கட்டும்’ என்று கேளுங்கள். அரசுக் கல்லூரியாக இருப்பினும் தயங்க வேண்டா; விதி அவர்களுக்கும் ஒன்றே. எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கிறார், எந்த வீட்டில் தலைப்பிள்ளைக் கர்ப்பிணி இருக்கிறார், எவர் தனித்து வாழ்கிறார் என்பதை நம் அன்பியங்கள் அறியும். அவ்வீட்டாரின் இசைவைப் பெற்று முதல் நாள் மாணவரை அழைத்துச் சென்று அறிமுகம் செய்யும் பணியை அன்பியப் பொறுப்பாளர் ஏற்கலாம். கத்தோலிக்க வீடு, பிற சமய வீடு என்ற பாகுபாடு இதில் நுழையுமானால் தொடங்காமலே இருப்பது நன்று. கோவிலுக்கு வராத தெருவில்தான் தேவை மிகுதியாக இருக்கக்கூடும்.

இன்னும் ஒன்று உண்டு. அதைக் கல்லூரிகளிடமே கேட்கிறோம். மூன்றாம் கட்டம் முடிந்ததும் மாணவரின் 78 மணி நேரம் நிறைவுறுகிறது. பதிவேடு துறைக்குப் போகிறது. அக்குடும்பம்? அடுத்த ஆண்டு புதிய மாணவர் ஒருவர் வந்து, ‘அம்மா, உங்க பேரு என்ன, வயசு என்ன, வீட்டுல எத்தனை பேரு?’ என்று முதலிலிருந்து தொடங்கினால், ‘போன வருசம் வந்த தம்பிகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே’ என்று அந்த அம்மாள் சலித்துக்கொள்வதில் தவறென்ன? விடைபெறும் மாணவர் தம் இளையவரைக் கையோடு அழைத்துச் சென்று, வீட்டாரிடம் அறிமுகம் செய்து, அழுத்தக் குறிப்பையும், ஒடித்து விழுங்கப்படும் மாத்திரையின் கதையையும், கடைசியாகச் சிறுநீரகச் சோதனை செய்த நாளையும் வீட்டார் முன்னிலையிலேயே ஒப்படைத்து வர வேண்டும். இதற்குப் புதிய ஆணையோ தனி நிதியோ வேண்டியதில்லை. துறைத்தலைவர் ஒருவர் மனம் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாலைப்பொழுதை அதற்கென்று ஒதுக்கினால் போதும். வருகிற கல்வியாண்டில் எந்தக் கல்லூரி அதைச் செய்கிறது என்று பார்ப்போம்.